சப்காம்பேக்ட் கிராஸ்ஓவர்: சொல் விளக்கம்

காரின் உடற்கட்டை எடுத்துக்கொண்டு, அதற்கு ஜீப்பின் உயரமும் தோற்றமும் கொடுத்துச் செய்த சின்ன வண்டிக்குப் பெயர் சப்காம்பேக்ட் கிராஸ்ஓவர். ஹூண்டாய் வென்யூ, மாருதி பிரெஸா, டாடா நெக்ஸான், நிசான் மேக்னைட் எல்லாம் இந்த வகை. தண்டையார்பேட்டையிலோ வண்ணாரப்பேட்டையிலோ யாரும் இவ்வளவு நீளமாகச் சொல்வதில்லை. இளைஞர்களுக்கு ‘எஸ்யூவி’, விற்பனையாளருக்கு ‘மினி எஸ்யூவி’, வீட்டுப் பெரியவர்களுக்கு ‘ஜீப்பு மாதிரி காரு’. மூன்றில் பெரியவர்கள் சொல்வதுதான் பொறியியல்படி சரி.

‘கிராஸ்’ என்ற ஆங்கிலச் சொல்லின் வேர் லத்தீனில் சிலுவையைக் குறிக்கும் ‘க்ருக்ஸ்’. பழைய ஐரிஷ், நார்ஸ் மொழிகள் வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. பிறகு குறுக்கே போவது, கடப்பது என்ற பொருள்கள் அதில் ஏறின. ‘ஓவர்’ சேர்ந்ததும் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போய்விடுவது என்றாயிற்று. பேசின் பிரிட்ஜில் வேலை பார்க்கும் ரயில்வேக்காரரிடம் கிராஸ்ஓவர் என்றால், ஒரு தண்டவாளத்திலிருந்து பக்கத்துத் தண்டவாளத்துக்கு வண்டியை மாற்றிவிடும் இணைப்பைச் சொல்வார். ஸ்பீக்கர் பாக்ஸ் கட்டுபவரைக் கேட்டால், பேஸைப் பெரிய ஸ்பீக்கருக்கும் ட்ரெபிளைச் சின்னதுக்கும் பிரித்து அனுப்பும் சர்க்யூட் என்பார். உயிரியல் பாடப் புத்தகத்தில் குரோமோசோம்கள் துண்டுகளை மாற்றிக்கொள்வதற்கு ‘குறுக்கேற்றம்’ என்று அழகான தமிழ்ச் சொல்லே இருக்கிறது. கார்க்காரர்கள் எடுத்துக்கொண்டது ‘ஒரு வகையிலிருந்து இன்னொரு வகைக்குள் கடந்து போனது’ என்ற பொருளை.

‘காம்பேக்ட்’ என்பதும் லத்தீன் வழி வந்ததுதான். இறுக்கிச் சேர்த்தது என்று பொருள். அதற்கும் கீழே ஒரு படி ‘சப்காம்பேக்ட்’. ஏஎம்சி கிரெம்லின், ஃபோர்டு பின்டோ, செவர்லே வேகா என்று அமெரிக்க நிறுவனங்கள் 1970இல் வரிசையாகச் சின்னக் கார்களை இறக்கிய காலத்தில் இந்தப் பெயர் அங்கே நிலைத்தது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை காரின் உள்ளே இருக்கும் இடத்தை அளந்து வகை பிரிக்கிறது. 85 கன அடிக்கு மேல், 100 கன அடிக்குள் என்றால் சப்காம்பேக்ட். நம் நாட்டில் அந்தக் கணக்கு கிடையாது. இங்கே எல்லைக்கோடு 4 மீட்டர் நீளம். க்ரெட்டா மாதிரி 4.3 மீட்டர் வண்டியை அமெரிக்கர்கள் சப்காம்பேக்ட் கிராஸ்ஓவர் வரிசையில் வைப்பார்கள். நமக்கு அது அதைவிட ஒரு படி பெரியது. வெளிநாட்டு விமர்சனத்தைப் படித்துவிட்டு இங்கே ஒப்பிடுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

எஸ்யூவியின் விரிவு ‘ஸ்போர்ட் யூட்டிலிட்டி வெஹிக்கிள்’. இதை ‘விளையாட்டுப் பயன்பாட்டு வாகனம்’ என்று எழுதுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். படிக்கும்போதெல்லாம் வருத்தமாக இருக்கிறது. கிரிக்கெட் மட்டையை ஏற்றிப் போகும் வண்டி என்றுதானே தமிழ் வாசகர் நினைப்பார்? அங்கே ‘ஸ்போர்ட்’ என்பது வேட்டை, மீன்பிடிப்பு, மலையேற்றம் என்று ஊருக்கு வெளியே போய்ப் பொழுதுபோக்குவதைக் குறிக்கும்.

சரி, ஜீப்பும் காரும் எங்கே பிரிகின்றன? உயரத்தில் பிரிவதாகத்தான் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் பிரிவது எலும்புக்கூட்டில். அந்த இரண்டு வகை எலும்புக்கூட்டையும் பார்க்க வட சென்னையை விடப் பொருத்தமான இடம் இல்லை.

எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் 1949இல் ஆஸ்டின் கார்களைப் பூட்டத் தொடங்கியது. 1955இல் அசோக் லேலண்ட் ஆகி, லாரிக்கும் பஸ்ஸுக்கும் பேர்போனது. அங்கே செய்வது சேசிஸ், தமிழில் அடிச்சட்டம். நீளவாக்கில் இரண்டு எஃகுச் சட்டங்கள், அவற்றை இணைக்கும் குறுக்குச் சட்டங்கள்; கிடத்திய ஏணி போலவே இருக்கும். எஞ்சின், கியர்பாக்ஸ், அச்சு, ஸ்டியரிங் எல்லாம் அந்தச் சட்டத்திலேயே பூட்டப்பட்டிருப்பதால் மேலே கூண்டு இல்லாமலேயே வண்டி ஓடும். ஓட்டுநர் முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு, கதவும் கூரையும் இல்லாத வெறும் சேசிஸை ஓட்டிப்போவதை எண்ணூர், மணலிப் பக்கம் இருப்பவர்கள் பார்த்திருப்பார்கள். கூண்டு கட்டுவது அப்புறம், வேறு பட்டறையில். பழைய ஜீப்பும் இந்தக் குடும்பம்தான்.

எண்ணூரிலிருந்து பெரம்பூருக்கு வாருங்கள். 1955 அக்டோபர் 2 அன்று நேரு திறந்துவைத்த ஐ.சி.எஃப். அங்கே இருக்கிறது. அதன் விரிவு ‘இன்டக்ரல் கோச் ஃபேக்டரி’. அந்த ‘இன்டக்ரல்’ ஒரு பொறியியல் சொல். அதற்கு முன் நம் ரயில் பெட்டிகளில் எஃகு அடிச்சட்டத்தின் மேல் மரக்கூண்டை வைத்துக் கட்டுவது வழக்கம். விபத்து நடந்தால் மரம் சிதறிவிடும். சுவிட்சர்லாந்தின் ஷ்லீரன் நிறுவனத்தின் வடிவமைப்பில் பெரம்பூர் செய்தது வேறு. தரை, பக்கச் சுவர், கூரை எல்லாமே எஃகு. எல்லாம் ஒன்றோடொன்று பற்றவைத்து ஒரே கூடு. சுமையைத் தரை மட்டும் தாங்காமல் கூடு முழுவதும் பகிர்ந்துகொள்ளும்.

கார்க்காரர்கள் இதே கட்டுமானத்தை ‘மோனோகாக்’ என்கிறார்கள். கிரேக்கத்தில் ‘மோனோ’ ஒன்று, பிரெஞ்சில் ‘காக்’ ஓடு. முதலில் விமானத்துக்கு வந்த முறை இது. முன்சக்கர இயக்கத்தையும் இந்தக் கட்டுமானத்தையும் சேர்த்துப் பெரும் எண்ணிக்கையில் செய்து காட்டியது 1934இல் வந்த சிட்ரோயன் ட்ராக்‌ஷன் அவான். அதே சிட்ரோயன் இப்போது பக்கத்துத் திருவள்ளூரில் சி3 செய்கிறது. மோனோகாக்கைத் தமிழில் ‘ஒற்றைக்கூடு’ என்றால் கச்சிதமாகப் பொருந்துகிறது. பஸ்ஸுக்கும் லாரிக்கும் ‘கூண்டு கட்டுவது’ என்று நம் பட்டறைக்காரர்கள் சொல்வதற்கும் அது உறவாக இருக்கிறது.

டி.எச். ரோட்டை ஒட்டிய ஒரு பட்டறையில் மஹிந்திரா பொலேரோ நியோவும் ஹூண்டாய் வென்யூவும் பக்கத்துப் பக்கத்தில் நின்றதைப் பார்த்தேன். இரண்டுக்கும் நீளம் 3,995 மில்லிமீட்டர். இரண்டையும் தெருவில் ‘மினி எஸ்யூவி’ என்றுதான் சொல்கிறார்கள். குனிந்து அடியில் பார்த்தால் கதை வேறு. பொலேரோவின் வயிற்றில் முன்னிருந்து பின்வரை இரண்டு தடித்த சட்டங்கள் ஓடுகின்றன. நடுவில் எஞ்சினின் சுழற்சியைப் பின்அச்சுக்குக் கொண்டுபோகும் நீளத் தண்டு. வென்யூவின் அடியில் அந்த ஏணியும் இல்லை, தண்டும் இல்லை. எஞ்சின் குறுக்குவாக்கில் உட்கார்ந்து முன்சக்கரங்களையே சுழற்றுகிறது. பின்சக்கரங்கள் இரண்டையும் முறுக்குத் தாங்கும் ஒரு உத்தரம் இணைக்கிறது. கதவுக்குக் கீழே தகடுகள் மடிந்து சேரும் விளிம்பில், சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் காடி. ஜாக்கியை அங்கேதான் வைக்க வேண்டும். கொஞ்சம் உள்ளே தள்ளித் தரைத் தகட்டில் வைத்து ஏற்றினால், தகடு உள்வாங்கிவிடும். மெக்கானிக் அந்தக் காடியை விரலால் தொட்டுக் காட்டி, “மேல பார்த்தா ஜீப்புணா, கீழ பார்த்தா காரு” என்றார். கிராஸ்ஓவருக்கு இதைவிடச் சுருக்கமான இலக்கணம் எழுத முடியாது. நீளம் ஒன்றாக இருந்தும் பொலேரோ நியோ கிராஸ்ஓவர் ஆகாது, வென்யூ ஆகும்.

இந்தக் கடப்பு ஒரே நாளில் நடக்கவில்லை. சோவியத் நாட்டில் 1977இல் வந்த லாடா நிவா, கரடுமுரடான பாதைக்கான நான்குசக்கர இயக்க வண்டியை ஒற்றைக்கூட்டில் செய்து காட்டியது. 1994இல் டொயோட்டா ராவ்4 வந்து, கார் போல ஓட்டலாம், ஜீப் போல உயரத்தில் உட்காரலாம் என்று நகரவாசிகளுக்குப் பழக்கியது. 1998இல் ஹோண்டா ஹெச்ஆர்-வி அதை இன்னும் சிறிதாக்கியது. 2003இல் பிரேசிலில் ஃபோர்டு, தன் ஃபியஸ்டா காரின் அடித்தளத்தை உயர்த்தி ஈகோஸ்போர்ட் செய்தது. 2010இல் நிசான் ஜூக்.

நமக்கு முக்கியமானது ஈகோஸ்போர்ட்டின் இரண்டாம் தலைமுறை. 2013இல் மறைமலை நகரில் செய்யப்பட்டு விற்பனைக்கு வந்தது. அதற்கு முந்தைய ஆண்டே ஒரகடத்தில் ரெனோ டஸ்ட்டர் வந்திருந்தது. அமெரிக்கச் சந்தையில் 2018 மாடலாக விற்ற ஈகோஸ்போர்ட்டுகள் சென்னையில் செய்யப்பட்டவை. கார் ஆலைகள் தெற்கிலும் மேற்கிலும் இருக்கலாம். அவை கடலேறும் வாசல் வடக்கில்தான். ஹூண்டாய் சென்னைத் துறைமுகம் வழியாகவும், நிசான் எண்ணூர் வழியாகவும் கார்களை ஏற்றுமதி செய்தன. எண்ணூர்த் துறைமுகத்துக்கு 2014 முதல் காமராஜர் பெயர். கார்க் கப்பலுக்குள் புது வண்டிகள் வரிசையாக ஓடி நுழைவதை இந்தப் பகுதித் தொழிலாளர்கள் வேலையாகவே பார்த்தவர்கள். இந்தச் சொல்லுக்கு நல்ல தமிழ் வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம். நம் கையால் போகிற பொருளுக்கு நம் வாயில் ஒரு பெயர் இருக்க வேண்டும்.

4 மீட்டர் எப்படி வந்தது? வரியால். 2006 மத்திய பட்ஜெட்டில் சிறிய கார்களின் கலால் வரி 24 சதவீதத்திலிருந்து 16 சதவீதமானது. நீளம் 4,000 மி.மீ. தாண்டக் கூடாது, பெட்ரோல் எஞ்சின் 1,200 சிசி, டீசல் எஞ்சின் 1,500 சிசிக்குள் இருக்க வேண்டும். அன்றிலிருந்து வடிவமைப்பாளர்கள் அந்தக் கோட்டுக்கு ஐந்தாறு மில்லிமீட்டர் முன்னால் நிறுத்தப் பழகிவிட்டார்கள். பிரெஸா 3,995, மேக்னைட் 3,994. 2025 செப்டம்பர் 22 முதல் வந்த ஜிஎஸ்டி மாற்றத்திலும் அதே கோடு தொடர்கிறது: உள்ளே இருந்தால் 18 சதவீதம், தாண்டினால் 40. எம்.சி. ரோடு சந்துகளில் வண்டி நிறுத்த இடம் தேடுகிறவர்களுக்கு இந்த வரிக்கோடு தற்செயலாக நல்லதாகவே அமைந்தது.

உயரத்தில் லாபமும் உண்டு, செலவும் உண்டு. மூட்டுவலி உள்ளவர்கள் குனிந்து இறங்காமல், எம்பி ஏறாமல் நேராக உட்காரலாம். கன்டெய்னர் லாரிகள் பிளந்துபோட்ட எண்ணூர் விரைவுச் சாலையில் வண்டியின் வயிறு தட்டாது. மேக்னைட்டுக்குத் தரை இடைவெளி 205 மி.மீ. ஆனால் உடல் மேலே போனால் எடைமையமும் மேலே போகும், திருப்பத்தில் வண்டி சாயும். அதைத் தடுக்க ஸ்பிரிங்கைக் கடினமாக்குவார்கள், இடம் வலம் சாயாமல் பிடிக்கும் கம்பியைத் தடிமனாக்குவார்கள். அதனால்தான் சில வண்டிகளில் மெதுவாகப் போகும்போது குலுக்கல் தெரிகிறது. பெரும்பாலானவை முன்சக்கர இயக்கம் மட்டுமே. ஜீப் தோற்றத்தை நம்பித் திருவொற்றியூர்க் கடற்கரை மணலில் இறக்க வேண்டாம்.

மழைக்காலத்துக்காக இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். தரை இடைவெளி வேறு, தண்ணீரில் போகும் ஆழம் வேறு. ஈகோஸ்போர்ட்டுக்கு ஃபோர்டு சொன்ன நீராழம் 550 மி.மீ. எல்லா வண்டிக்கும் அது பொருந்தாது. எஞ்சின் காற்றை இழுக்கும் வாய் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதுதான் கணக்கு. வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதையில் தேங்கிய தண்ணீரில் இறங்கி அந்த வாய் முங்கினால், தண்ணீர் சிலிண்டருக்குள் போகும். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. பிஸ்டன் மேலே வந்து முட்டி, அதைத் தாங்கும் தண்டு வளைந்துவிடும். வண்டி நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்யவே கூடாது; தள்ளித்தான் வெளியே கொண்டுவர வேண்டும்.

இனி தமிழ்ச் சொல். கார் முதலில் நம் ஊருக்கு வந்தபோது ‘பிளஷர்’ என்றார்கள். அந்த இன்பப் பொருளைத் தாங்கி நிற்பது ‘மகிழுந்து’. கிராஸ்ஓவருக்குக் ‘குறுக்குந்து’ என்று போடலாம்தான். ஆனால் சாலையின் குறுக்கே ஓடும் வண்டியைத்தான் அது நினைவூட்டும். ‘கலப்புந்து’ என்றால் ஹைப்ரிட் எஞ்சினோடு குழம்பும். ‘சிற்றுந்து’ ஏற்கெனவே மினிபஸ்ஸுக்குப் போய்விட்டது.

நான் ஏற்பது ‘உயர்மகிழுந்து’. உடல் மகிழுந்து, உயரம் கூட்டியது. மெக்கானிக் சொன்ன இரண்டு பாதியும் அதில் இருக்கின்றன. ‘காம்பேக்ட்’டுக்குக் ‘குறு’ பொருந்தும். காம்பேக்ட் டிஸ்க்கைக் ‘குறுந்தகடு’ என்று நாம் எப்போதோ ஏற்றுக்கொண்டுவிட்டோம். குறுந்தொகை காலத்திலிருந்து அந்த ஒட்டு நம்மிடம் இருக்கிறது. ஆகவே 4 மீட்டருக்குள் அடங்கும் கிராஸ்ஓவர் ‘உயர் குறுமகிழுந்து’. அடைமொழியைப் பின்னால் தள்ளிக் ‘குற்றுயர் மகிழுந்து’ என்று புணர்க்க வேண்டாம், காதில் ‘குற்றுயிர்’ என்று விழும். பொலேரோ நியோ போல அடிச்சட்டத்தின் மேல் கட்டியவற்றை இந்தப் பெயரில் சேர்க்கவும் கூடாது. அவற்றுக்குச் ‘சட்ட ஜீப்’ போதும், ஜீப் என்பது நம் ஊர்ச் சொல்லாகி வெகுகாலமாயிற்று.

மின்சார வண்டிகளுக்கும் இதே பெயர் செல்லும். 2020இல் வந்த நெக்ஸான் ஈவியில் பேட்டரி தரைக்கு அடியில் இருக்கிறது. எடைமையம் இறங்கியது, எஞ்சின் போய் மோட்டார் வந்தது. கூடு அதே ஒற்றைக்கூடு, உயரமும் அப்படியே. ‘மின் உயர் குறுமகிழுந்து’ என்று எழுதுவதில் தடை ஏதும் இல்லை. தலைப்புக்கு நீளம் என்றால் ‘மின் உயர்மகிழுந்து’ என்று சுருக்கிக்கொள்ளலாம்.