பழைய கல்லடிப் பாலமும் வீட்டு வைபையும்

"மச்சான், நான் சூம் வகுப்புக்கு ஏறினா ஹோல்ல டிவியும் சேந்து சுத்துது. ரவுட்டர் டிவிக்குப் பக்கத்திலதானே இருக்கு?"

மட்டக்களப்பு கல்லடியில் மாமி வீட்டுக்குப் போனபோது மச்சாள் கேட்ட கேள்வி. ரவுட்டர் முன் ஹோலில் இரும்பு அலுமாரிக்கு மேலே. அவளுடைய லப்டொப் இரண்டு சுவர் தள்ளி, குசினியை ஒட்டிய அறையில். அங்கே சிக்னல் ஒரு கோடு, டிவிக்கு முழுக் கோடு. அப்புறம் டிவி ஏன் திணற வேண்டும்?

வைபையில் ஒரு சனலில், அதாவது ஒரு அலைவரிசைத் துண்டில், ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேசலாம். லப்டொப் எதையும் அனுப்புமுன் காற்றில் வேறு யாரும் பேசுகிறார்களா என்று காது கொடுக்கும். பேசினால் பொறுக்கும், ஓய்ந்ததும் மனம்போன ஒரு சின்ன எண் வரை எண்ணிவிட்டுத்தான் வாய் திறக்கும். 2013இல் புதிய பாலம் திறக்கும்வரை பழைய கல்லடிப் பாலத்தில் நாங்கள் போனதும் இப்படித்தான். அந்தப் பக்கத்து வாகனங்கள் வந்து முடிய வேண்டும், பிறகுதான் இந்தப் பக்கம். முன்னால் ஒரு மாட்டு வண்டி ஏறிவிட்டால் பின்னால் வரும் வானுக்கு என்ன வேகம் இருந்தென்ன?

மச்சாளின் லப்டொப்தான் அந்த வண்டி. சிக்னல் மெலிந்தால் பிழை வராமலிருக்க லப்டொப் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். விண்டோஸில் வைபை விபரங்களைத் திறந்தால் இணைப்பு வேகம் தெரியும்: அந்த அறையில் வினாடிக்கு 7 மெகாபிட், ரவுட்டருக்குப் பக்கத்தில் 72. அதே அளவு வீடியோவுக்குப் பத்து மடங்கு நேரம் அது பாலத்தை அடைத்து நிற்கிறது. அவ்வளவு நேரமும் டிவி வரிசையில்.

இணைவதில் பெரிய சிக்கல் இல்லை. ரவுட்டர் வினாடிக்குச் சுமார் 10 தடவை தன் பெயரைக் கூவுகிறது, லப்டொப் அதைக் கேட்டுப் பட்டியல் போடுகிறது. பாஸ்வேர்ட் காற்றில் போவதில்லை. இரு பக்கமும் அதை வைத்து ஒரு கணக்குச் செய்து விடையைத்தான் ஒப்பிடுகின்றன. பிறகு ரவுட்டர் பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும் ஒரு முகவரி கொடுக்கும். அது 169.254 என்று தொடங்கினால் ரவுட்டர் முகவரி தரவில்லை, லப்டொப் தானாக ஒன்றை வைத்துக்கொண்டது என்று அர்த்தம். கோடு முழுதாக இருந்தாலும் இணையம் வராது.

சரி, மாமி வீட்டில் என்ன செய்தோம்? இரும்பு அலையைத் திருப்பி அடிக்கும், அதனால் ரவுட்டரை அலுமாரியிலிருந்து இறக்கி, வீட்டு நடுவில் கதவு நிலைக்கு மேலே ஆணி அடித்து மாட்டினோம். அந்த ரவுட்டர் 2.4, 5 கிகாஹேர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசையில் பேசும், டிவியை 5 பக்கம் மாற்றினோம். அதன் அலைநீளம் 6 சென்டிமீற்றர் அளவுதான். சுவர் தாண்டுவதில் சோம்பல், ஆனால் அது தனிப் பாலம். சுமார் 12 சென்டிமீற்றர் அலையுள்ள 2.4 லப்டொப்புக்கு. வேகம் 58 காட்டியது. காத்தான்குடி மாதிரி வீடுகள் நெருங்கிய இடமென்றால் சனலையும் பார்க்க வேண்டும்: 2.4இல் 1, 6, 11 மூன்றும்தான் ஒன்றையொன்று இடிக்காதவை.

மாமிக்கு மட்டும் மனக்குறை. தூசு படாமல் ரவுட்டருக்குப் பின்னல் துணி போர்த்தி வைத்திருந்தார், அதையும் கழற்றிவிட்டேன். துணி அலையைத் தடுக்காதுதான். ஆனால் மட்டக்களப்பு வெயிலில் அந்தப் பெட்டிக்கும் கொஞ்சம் காற்று வேண்டுமே.