புகையாத நெருப்பு

எனக்குத் தெரிந்த தமிழாசிரியை ஒருவர் ஓய்வு பெற்றபின் துப்பறியும் நாவல் எழுத ஆரம்பித்திருக்கிறார். கதை நடப்பது 1886-இல், குன்னூர்ப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில். மலை ரயில் குன்னூருக்கு வந்ததே 1899-இல்தான் என்பதால், கதையில் எல்லோரும் மேட்டுப்பாளையத்தில் இறங்கி வண்டி கட்டி மலையேறுகிறார்கள். துப்பறிகிறவர் போலீஸ்காரர் இல்லை, வீடு வீடாகப் போய் அம்மை குத்துகிறவர். எந்த வீட்டுக்குள்ளும் நுழையலாம், யார் முகத்தையும் உற்றுப் பார்க்கலாம். நல்ல தேர்வு.

கொலை நடக்கும் அத்தியாயத்தை மட்டும் என்னிடம் நீட்டி, "டாக்டர், இது சரியா வருமான்னு பாருங்க" என்றார். கணக்கப்பிள்ளை உள்தாழ்ப்பாள் போட்டுத் தூங்குகிறார். கணப்பில் கரி எரிகிறது. எவனோ கூரையேறிப் புகைபோக்கியில் ஈரச் சாக்கைத் திணிக்கிறான். விடிந்து கதவை உடைத்தால் பிணம்.

திட்டம் பலிக்கும். ஆனால் அவர் எழுத்தில் அறை முழுக்கப் புகை மண்டுகிறது, மனிதர் இருமி இருமிச் சாகிறார், உடம்பு நீலம் பாரிக்கிறது. "புகை வந்தா எழுந்து ஓடிருவாரே, டீச்சர்" என்றேன். நன்றாகப் பிடித்த கங்கில் புகையே இருக்காது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ மணமோ கிடையாது, கண்ணும் எரியாது. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினை அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்கிறது. உடம்பும் நீலமாகாது, ரத்தம் தேங்கிய இடங்கள் செர்ரிப் பழம் போலச் சிவந்திருக்கும். பிரேதப் பரிசோதனை மேஜையில் அந்த நிறத்தைப் பார்த்திருக்கிறேன். குளிரில் கிடந்த உடலும் இளஞ்சிவப்பாகும் என்பதால் மலையில் ஏமாறவும் வாய்ப்புண்டு. உயிரோடு வருகிறவர்களிடம் இந்தச் சிவப்பைத் தேடிப் பயனில்லை, பெரும்பாலும் இருக்காது.

"சரி, இதெல்லாம் அந்தக் காலத்து அம்மை குத்துறவருக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. இந்த வாயு ரத்தத்தில் ஆக்சிஜனின் இடத்தைப் பிடிக்கிறது என்பதை 1857-லேயே உடலியல் அறிஞர் கிளாட் பெர்னார்ட் பிரான்சில் காட்டிவிட்டார். ஆனால் மனிதருக்கு முன்பே மயங்கி விழும் சிறு பறவைகளைச் சுரங்கத்துக்குள் கொண்டுபோய் இந்த வாயுவைச் சோதிக்கலாம் என்று பிரிட்டிஷ் விஞ்ஞானி ஹால்டேன் சொன்னதே 1890-களில்தான். நம்ம ஆள் சொந்தப் புத்தியில்தான் கண்டுபிடிக்க வேண்டும். அப்போது என் கதையைச் சொன்னேன்.

சில வருடங்களுக்கு முன், உறைபனி கொட்டிய ஒரு ஜனவரி. சமவெளியிலிருந்து வந்த குடும்பம், நான்கு பேர். விடியற்காலையில் எல்லோருக்கும் தலைவலி, வாந்தி. முந்தின இரவு பரோட்டா சாப்பிட்டோம் என்றார்கள். ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று பார்க்க விரலில் ஆக்சிமீட்டர் மாட்டினேன், 98 சதவீதம் காட்டியது, நார்மல். சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று எழுதி, டிரிப் போட்டேன். ஆஸ்பத்திரியில் இருந்த நேரத்தில் கொஞ்சம் தெளிந்தார்கள், அதே காட்டேஜுக்கு அனுப்பிவைத்தேன். மறுநாள் விடியலில் திரும்பி வந்தபோது பாட்டிக்கு நினைவில்லை.

எனக்கு வழி காட்டியது அவர்களுடைய டிரைவர். "நானும் அதே பரோட்டா, அதே குருமாதான் சார் சாப்பிட்டேன். எனக்கு ஒண்ணும் ஆகலையே." அவர் காரில் படுத்திருந்தார், இன்ஜினை அணைத்துவிட்டு. மற்ற நான்கு பேரும் கோழி சுட்ட கங்குச் சட்டியை இரண்டு இரவும் குளிருக்காக அறைக்குள் வைத்து, ஜன்னலைச் சாத்தியிருந்தார்கள். ஆக்சிமீட்டரோ கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தத்தையும் ஆக்சிஜன் ஏறியது என்றே படிக்கும். அந்த 98-க்கு அர்த்தமே இல்லை. 'உள்ளே கரி மூட்டினீர்களா' என்று நான் முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். பாட்டியைக் கோவைக்கு அனுப்பினோம், பிழைத்தார். ஞாபகசக்தி மட்டும் பழையபடி வரவில்லை.

அதனால்தான் இப்போது பார்க்கிறவர்களிடமெல்லாம் நச்சரிக்கிறேன். சாம்பல் பூத்த கங்குகூட வாயுவை விட்டுக்கொண்டேதான் இருக்கும். குமுட்டி அடுப்போ பார்பிக்யூ சட்டியோ, தூங்குகிற அறைக்குள் வேண்டாம்; ஜன்னலை ஒரு விரற்கடை திறந்துவைப்பது போதாது. பழைய பங்களாக்களில் கணப்பு மூட்டும் முன் புகைபோக்கி திறந்திருக்கிறதா என்று பாருங்கள். சாக்கைத் திணிக்கக் கொலைகாரன் வர வேண்டியதில்லை, பறவைக் கூடே போதும். குளியலறைக்குள் மாட்டிய கேஸ் கீசரும் இதே கதைதான். ஒரே அறையில் இருந்தவர்களுக்கெல்லாம் ஒன்றாகத் தலை வலித்தால், வெளியே போனதும் வலி குறைந்தால், சாப்பாட்டைச் சந்தேகிக்கும் முன் நெருப்பைச் சந்தேகியுங்கள். கதவைத் திறந்து எல்லோரையும் வெளியே கொண்டுவந்து 108-ஐக் கூப்பிடுங்கள். டாக்டரிடம் 'கரி மூட்டியிருந்தோம்' என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். சும்மா காற்றைச் சுவாசித்தால் ரத்தத்திலிருந்து வாயு பாதி இறங்கவே நாலைந்து மணி நேரம் பிடிக்கும். முழு ஆக்சிஜன் கொடுத்தால் ஒன்று, ஒன்றரை மணி நேரம்.

டீச்சர் குறிப்பு எதுவும் எடுக்கவில்லை. போன வாரம் திருத்திய அத்தியாயம் வந்தது. அறை மூலையில் புதிதாக ஒரு கூண்டு, உள்ளே மைனா செத்துக் கிடக்கிறது. ராத்திரிச் சோற்றில் விஷம் என்று சமையல்காரரைத் தூணில் கட்டி வைத்திருக்கிறார்கள். அம்மை குத்துகிறவர் கூண்டைக் குனிந்து பார்த்துவிட்டுக் கேட்கிறார்: "மைனாவுக்கு யார் சோறு வெச்சது?"