ஒரு மில்லிமீட்டர் இடைவெளி: காரின் ஸ்பார்க் பிளக்கை வீட்டிலேயே மாற்றுதல்

பெட்ரோல் என்ஜினுக்குள் எரிதல் எப்படி நடக்கிறது என்று பார்க்க வேண்டுமானால் என்ஜினின் மேல்பகுதியான சிலிண்டர் ஹெட்டையே இறக்க வேண்டியிருக்கும். உள்ளே பெட்ரோலைப் பொறியால் பற்றவைக்கும் ஸ்பார்க் பிளக் இருப்பதால் அந்தச் சிரமம் பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. வீட்டு வாசலிலேயே அதைக் கழற்றிப் பார்த்து உள்ளே நடப்பதை ஓரளவு சொல்லிவிடலாம். புதியது போடுவதும் கடினமான வேலை அல்ல. ஆனால் பிளக் இறங்குவது அலுமினிய ஹெட்டில் வெட்டிய மரைக்குள். அந்த மரை போய்விட்டால், சில நூறு ரூபாயில் முடிய வேண்டிய வேலை பல ஆயிரத்துக்குப் போய்விடும். ஆகவே பிளக்கை மரையில் பிடிக்கவைக்கும்போதும் கடைசியாக இறுக்கும்போதும் அவசரம் கூடாது.

பிளக்கின் நுனியில் நடுவே ஒரு மின்முனை இருக்கும். பக்கத்திலிருந்து வளைந்து வந்து அதன் எதிரே நிற்பது இன்னொன்று. இரண்டுக்கும் இடையே 0.7 முதல் 1.1 மி.மீ. வரை இடைவெளி. பேட்டரியின் 12 வோல்ட்டை இக்னிஷன் காயில் பல்லாயிரம் வோல்ட்டாக உயர்த்தி அங்கே அனுப்புகிறது. மின்னழுத்தம் போதிய அளவு ஏறியதும் இடைவெளியில் உள்ள வாயு அயனியாகி மின்சாரத்துக்கு வழிவிடுகிறது, பொறி தாவுகிறது. என்ஜின் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றும்போது ஒவ்வொரு பிளக்கும் நொடிக்கு 25 முறை இதைச் செய்கிறது.

எத்தனை வோல்ட் தேவைப்படும் என்பது முக்கியமாக இடைவெளியின் அகலத்தையும் அங்குள்ள வாயுவின் அழுத்தத்தையும் பொறுத்தது. ஒவ்வொரு பொறியும் மின்முனையிலிருந்து கண்ணுக்குத் தெரியாத அளவு உலோகத்தை அரித்துச் செல்கிறது. காலப்போக்கில் இடைவெளி அகலும், கூரான விளிம்புகள் மழுங்கும், தேவைப்படும் மின்னழுத்தம் கூடும். சமதளத்தில் ஒழுங்காக ஓடும் கார், ஆட்கள் நிரம்பி மேம்பாலம் ஏறும்போது மட்டும் திக்கித் திணறுவது இதனால்தான். ஆக்ஸிலரேட்டரை ஆழமாக மிதித்தால் சிலிண்டருக்குள் அழுத்தம் உயர்கிறது, தேய்ந்த பிளக்கில் பொறி தாவ மறுக்கிறது. எரியாத பெட்ரோல், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதை உருக்கிவிடக்கூடும். செக் என்ஜின் விளக்கு விட்டுவிட்டு மின்னினால் அதன் பொருள் இதுதான். அந்த நிலையில் வண்டியை ஓட்டிக்கொண்டே இருப்பது பெரிய தவறு.

சாதாரண நிக்கல் முனை பிளக் 30,000 முதல் 40,000 கி.மீ. வரை உழைக்கும். இரிடியம் பெரும்பாலும் ஒரு லட்சம் கி.மீ. அளவுக்குத் தாங்கும். நிக்கலின் உருகுநிலை 1455 டிகிரி செல்சியஸ், இரிடியத்தினுடையது 2446. அதனால் அரை மில்லிமீட்டர் அளவுக்கு மெல்லிய முனை வைத்தாலும் அது எளிதில் அரிபடாது. முனை மெல்லியதாக இருப்பதால் குறைந்த மின்னழுத்தத்திலேயே பொறி வரும். சிஎன்ஜியில் ஓடும் காரில் பொறிக்குக் கூடுதல் மின்னழுத்தம் தேவை, பிளக்கும் சீக்கிரம் தேயும். எந்த பிளக்கை எப்போது மாற்றுவது என்பதற்குக் காரின் கையேடு சொல்லும் கணக்கே சரியானது.

கடையில் கேட்கும்போது கார் பெயரை மட்டும் சொல்லாமல் கையேட்டில் உள்ள பிளக் குறியீட்டைச் சொல்லி வாங்குங்கள். என்ஜிகே நிறுவனத்தின் பிகேஆர்6ஈ-11 என்ற எண்ணை எடுத்துக்கொள்வோம். 14 மி.மீ. மரை, 16 மி.மீ. சாக்கெட், ரேடியோ இரைச்சலைத் தடுக்கும் மின்தடை, 19 மி.மீ. மரை நீளம், 1.1 மி.மீ. இடைவெளி ஆகிய அனைத்தும் அதில் அடங்கியுள்ளன. நடுவில் உள்ள 6 வெப்ப எண். என்ஜிகேயில் எண் கூடினால் பிளக் வெப்பத்தை வேகமாக வெளியேற்றும். பாஷ் நிறுவனத்தின் பிளக்கில் இது தலைகீழ், ஆகவே இரண்டின் எண்களையும் நேராக ஒப்பிடக்கூடாது. முனை ஏறத்தாழ 500 டிகிரிக்கு மேல் இருந்தால்தான் படியும் கரி தானாக எரிந்துபோகும். 800ஐத் தாண்டினால் பொறி வருமுன்பே பெட்ரோல்-காற்றுக் கலவை பற்றிக்கொள்ளும். மரை நீளம் தவறினால் விளைவு இன்னும் மோசம்: நீளமான பிளக் பிஸ்டனில் இடிக்கக்கூடும்.

ராட்செட், 150 அல்லது 250 மி.மீ. எக்ஸ்டென்ஷன், உள்ளே ரப்பரோ காந்தமோ உள்ள பிளக் சாக்கெட், காயில் போல்ட்டுக்கு 10 மி.மீ. சாக்கெட், இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் ஆகியவை வேண்டும். பிளக் சாக்கெட் பெரும்பாலும் 16 மி.மீ. அளவில் இருக்கும், 12 மி.மீ. மரை உள்ள புதிய என்ஜின்கள் பலவற்றுக்கு 14 மி.மீ. தேவைப்படும்.

என்ஜின் முழுவதும் ஆறியிருக்க வேண்டும். சூடான அலுமினிய மரை மென்மையாக இருக்கும், கழற்றும்போதே பிய்ந்து வரக்கூடும். இரவு நிறுத்திய வண்டியைக் காலையில் தொடுவது நல்லது. சாவியை அணைத்து, பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றுங்கள். ஒவ்வொரு சிலிண்டராகச் செய்தால், பிளக்குகளின் மேல் மாட்டியிருக்கும் காயில்கள் இடம் மாறாது. காயிலுக்கு மின்கம்பி வரும் கனெக்டரின் பூட்டை அழுத்தி மெதுவாக இழுக்க வேண்டும். பல வருடச் சூட்டில் அந்தப் பிளாஸ்டிக் நொறுங்கும் நிலையில் இருக்கும். போல்ட்டைக் கழற்றியபின் காயிலை இடமும் வலமும் சற்றுத் திருகி, நேராக மேலே உருவுங்கள்.

பிளக்கைத் தொடுமுன் அது இருக்கும் குழிக்குள் காற்றடித்து மண்ணையும் தூசியையும் வெளியேற்ற வேண்டும். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பிளக் வெளியே வந்த கணத்தில் குழியில் உள்ள மணல் நேரே சிலிண்டருக்குள் விழும். குழியில் எண்ணெய் தேங்கியிருந்தால் வால்வ் கவர் சீல் கசிகிறது; துடைத்துவிட்டு வேலையைத் தொடரலாம், சீலை மாற்றும்வரை எண்ணெய் திரும்ப வந்துகொண்டுதான் இருக்கும். பிளக் பாதியில் இறுகிப் பிடித்தால் பலத்தைக் காட்டாதீர்கள். மரையில் கொஞ்சம் ஊடுருவும் எண்ணெய் விட்டு, காத்திருந்து, முன்னும் பின்னும் சிறிது சிறிதாகத் திருப்பி எடுக்க வேண்டும்.

கழற்றியவற்றைச் சிலிண்டர் வரிசையிலேயே வையுங்கள். முனை வெளிர் பழுப்பாகவோ சாம்பலாகவோ இருந்தால் எரிதல் சீராக இருக்கிறது. உலர்ந்த கரி, பெட்ரோல் அதிகம் போவதையோ ஓயாத குறுந்தூர ஓட்டத்தையோ காட்டும். பிசுபிசுப்பான கறுப்பு என்றால் பிஸ்டன் வளையம் அல்லது வால்வ் கைடு வழியே எண்ணெய் இறங்குகிறது. பீங்கான் வெளுத்துக் கொப்புளித்திருந்தால் அதிகச் சூடு. நான்கில் ஒன்று மட்டும் வேறுபட்டால் கோளாறு அந்தச் சிலிண்டரில். வெளிப்பக்கம் உலோகமும் பீங்கானும் சேரும் இடத்தில் உள்ள பழுப்பு வளையத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். உயர் மின்னழுத்தம் ஈர்த்த எண்ணெய்த் துகள்களின் கறை அது. ஆனால் பீங்கானில் செங்குத்தாக ஒரு கருங்கோடு இருந்தால் மின்சாரம் வெளிவழியாகத் தாவியிருக்கிறது. காயிலின் ரப்பர் உறையையும் சேர்த்து மாற்றுங்கள்.

புதிய நிக்கல் பிளக்கின் இடைவெளியை ஃபீலர் கேஜால் அளந்து, தேவைப்பட்டால் பக்க முனையை மட்டும் வளைக்கலாம். இரிடியம் முனையை நெம்பக்கூடாது, உடைந்துவிடும். கீழே விழுந்த பிளக்கில் மயிரிழை விரிசல் இருக்கலாம், அதைப் போடவே வேண்டாம்.

இனி மரை. பிளக்கின் மேல்நுனியில் ஒரு அடி நீள ரப்பர் குழாயைச் செருகி, அதை விரலால் சுழற்றி இறக்குங்கள். மரை கோணலாகப் பிடித்தால் குழாய் வழுக்கிச் சுற்றும், மரைக்குச் சேதம் வராது. ராட்செட்டால் இதை உணர முடியாது. விரலால் அடிவரை போனபின்தான் டார்க் ரெஞ்ச். வாஷர் உள்ள 14 மி.மீ. பிளக்குக்கு 25 முதல் 30 நியூட்டன் மீட்டர், 12 மி.மீ. பிளக்குக்கு 15 முதல் 20. கையேட்டில் வேறு எண் இருந்தால் அதையே பின்பற்றுங்கள். டார்க் ரெஞ்ச் இல்லையென்றால், வாஷர் உள்ள புதிய 14 மி.மீ. பிளக்கை விரல் இறுக்கத்துக்குப் பின் அரைச் சுற்றிலிருந்து மூன்றில் இரண்டு சுற்று வரை திருப்பலாம். பழையதையே மீண்டும் போட்டால் வாஷர் ஏற்கெனவே நசுங்கியிருக்கும், ஒரு சுற்றில் பன்னிரண்டில் ஒரு பங்கு போதும்.

பிளக்கின் சூடு பெருமளவும் மரை வழியாகவும் அது உட்காரும் இடம் வழியாகவும்தான் ஹெட்டுக்குப் போகிறது. இறுக்கம் போதாவிட்டால் வாயு கசியும், முனை கொதிக்கும். அதிகமானால் பிளக்கின் உலோக உறை இழுபடும் அல்லது ஹெட்டின் மரை பிய்யும். பிறகு துளையைப் பெரிதாக்கி புதிய மரையாக ஹெலிகாயில் என்ற கம்பிச் சுருள் வைக்க வேண்டியிருக்கும். மரையில் கிரீஸ் தடவுவதும் ஆபத்தே: வழுக்கலால் அதே டார்க் எண்ணில் பிளக் மிகையாக இறுகிவிடும். புதிய பிளக்கின் மரைக்கு முலாம் உண்டு, உலர்ந்தபடியே போடலாம். சிலிகான் டைஎலக்ட்ரிக் கிரீஸ் காயில் உறையின் உள்விளிம்புக்கு மட்டும், அதுவும் மெல்லிய பூச்சாக.

காயிலைச் சொடுக்கென உட்காரும்வரை அழுத்தி, போல்ட்டையும் கனெக்டரையும் மாட்டி, பேட்டரியை இணைத்து என்ஜினைக் கிளப்புங்கள். உதறினால் முதலில் கனெக்டர்களைப் பாருங்கள், பெரும்பாலும் ஏதோ ஒன்று பாதியில் நிற்கும். எல்லாம் சரியாக இருந்தும் உதறல் நிற்காமல், காரின் கோளாறுக் குறியீடுகளைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனரில் பி0302 வந்தால் இரண்டாம் சிலிண்டரில் மிஸ்ஃபயர், அதாவது எரிதல் தவறுகிறது என்று பொருள். அதன் காயிலை மூன்றாவதுடன் மாற்றிப் போட்டுக் குறியீட்டை அழித்து ஓட்டிப் பாருங்கள். பி0303 ஆக மாறினால் கெட்டது காயில். பி0302 ஆகவே இருந்தால் அந்தச் சிலிண்டரின் பிளக்கையும், அதன்பின் இன்ஜெக்டரையும் சோதிக்க வேண்டும்.