வீட்டுக் காகிதங்களே முதல் பாடநூல்: டெல்டா குடும்பங்களில் எழுத்தும் கணக்கும்

ஒரு ஏக்கர் நடவை மொத்தக் கூலிக்குப் பேசி முடித்த பெண்கள் வரப்பில் உட்கார்ந்து பணத்தைப் பிரித்துக்கொள்வதைப் பொறுமையாகக் கவனித்தவர் யாரும், அவர்களுக்குக் கணக்குத் தெரியாது என்று சொல்ல மாட்டார். ஆள் பன்னிரண்டு, கூலி 4,500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். முதலில் தலைக்கு 300 கொடுத்துவிடுவார்கள். 3,600 போய்விடும், மீதி 900. அடுத்துத் தலைக்கு 50. அதில் 600 போக மீதி 300. கடைசியாகத் தலைக்கு 25 கொடுத்ததும் பணம் தீர்ந்துவிடும். ஆளுக்கு 375. எழுதிப் பார்க்காமலே, தகராறும் இல்லாமல், சில நிமிடங்களில் வேலை முடிகிறது. இதே பெண்களில் ஒருவர் மாலையில் எழுத்தறிவு மையத்துக்கு வந்து, 4,500-ஐ 12-ஆல் வகுக்கும் நீள்வகுத்தல் கணக்கைக் கரும்பலகையில் பார்த்ததும், "நமக்கு இதெல்லாம் ஏறாதுங்க" என்று எழுந்துவிடுகிறார். அவர் வரப்பில் செய்தது முறையான வகுத்தல்தான். அதை அவர் செய்த வரிசையிலேயே மூன்று வரியாக எழுதிக் காட்டியிருந்தால் உட்கார்ந்திருப்பார்.

திருவாரூர், மயிலாடுதுறை மாவட்டங்களில் வயது வந்தோருக்குக் கற்பிக்கும் தன்னார்வலர்களுக்குப் பயிற்சி அளிப்பது என் பணி. பயிற்சி முடிந்ததும் பெரும்பாலானவர்கள் கேட்கும் கேள்வி, "சார், வேற நல்ல புத்தகம் ஏதாவது இருக்கா?" என்பதுதான். நல்ல புத்தகங்கள் இருக்கின்றன. அவற்றுக்குப் பின்னால் வருகிறேன். அதற்கு முன், ஒவ்வொரு வீட்டிலும் மஞ்சள் பையிலோ டிரங்குப் பெட்டியிலோ பத்திரமாக வைத்திருக்கும் காகிதங்களை எடுத்து வரச் சொல்லுங்கள் என்று அவர்களிடம் சொல்வேன். வங்கிப் புத்தகம், மகளிர் குழுவின் சேமிப்பு அட்டை, நுண்கடன் தவணை அட்டை, நேரடி நெல் கொள்முதல் நிலையத்தின் ரசீது, மருந்துச் சீட்டு, பட்டா நகல் ஆகியவற்றுக்கு இணையான பாடநூலை எந்தக் குழுவும் இன்னும் எழுதிவிடவில்லை, ஏனெனில் இவற்றில் உள்ள ஒவ்வோர் எண்ணும் அந்த வீட்டாருடைய சொந்த எண்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80.09 விழுக்காடு, ஆண்களில் 86.77, பெண்களில் 73.44. ஏழு வயதுக்கு மேற்பட்ட ஒருவர் ஏதேனும் ஒரு மொழியில் புரிந்துகொண்டு படிக்கவும் எழுதவும் முடிந்தால் அவர் எழுத்தறிவு பெற்றவர் என்பது அந்தக் கணக்கெடுப்பின் வரையறை. ஊர்ப்பேச்சில் இந்த வரையறை சுருங்கி, கையெழுத்துப் போடத் தெரிந்தால் போதும் என்று ஆகிவிட்டது. இதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். பெருவிரல் ரேகை வைப்பவரிடம், ஆவணத்தைப் படித்துக் காட்டினோம் என்பதற்குச் சாட்சி கேட்கும் வழக்கமாவது உண்டு. கையெழுத்துப் போட்டவரை, படித்துத்தான் போட்டார் என்றே எல்லோரும் எடுத்துக்கொள்வார்கள். பெயரை மட்டும் படம் வரைவதுபோல் எழுதப் பழக்கி, கடன் பத்திரத்தின் கீழே போட வைப்பது ஒருவரை முன்பைவிடப் பாதுகாப்பற்றவராக ஆக்குகிறது. ஆகவே கையெழுத்துக் கற்றுக்கொடுக்கும் அதே வாரத்தில், அந்தக் கையெழுத்துக்கு மேலே இருக்கும் தொகையையும் தேதியையும் படிக்கக் கற்றுக்கொடுத்தாக வேண்டும்.

2023 செப்டம்பரில் கலைஞர் மகளிர் உரிமைத் தொகையாக மாதம் 1,000 ரூபாய் பெண்களின் வங்கிக் கணக்குக்கே வரத் தொடங்கியதால், இதுவரை வங்கிக்குள் நுழையாத பலரிடம் இப்போது ஏடிஎம் அட்டை இருக்கிறது. அந்த அட்டையையும் ரகசிய எண்ணையும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளிடம் கொடுத்துப் பணம் எடுத்துவரச் சொல்வதும் நடக்கிறது. வங்கிப் புத்தகத்தில் பற்று, வரவு, இருப்பு என்ற மூன்று பத்திகளையும் பிரித்தறிவது இரண்டு மாலை வகுப்புகளுக்கான பாடம். இதற்கு அகர வரிசை முழுவதும் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

எண்களை எழுதுவதில்தான் உண்மையான தடங்கல் வருகிறது. இரண்டாயிரத்து ஐம்பது என்று சொன்னால், பலர் 200050 என்று எழுதுவார்கள். காதில் விழுந்தபடி முதலில் இரண்டாயிரத்தையும் பிறகு ஐம்பதையும் எழுதியிருக்கிறார்கள். அதில் ஒரு நியாயம் இருக்கிறது. இதைத் தவறு என்று அடித்துவிடுவதால் பயனில்லை. தரையில் சுண்ணாம்புக் கட்டியால் நான்கு கட்டம் போட்டு, ஆயிரம், நூறு, பத்து, ஒன்று என்று பெயரிட்டு, காகிதத்தில் வெட்டிய பணத்தாள்களை அந்தந்தக் கட்டத்தில் வைக்கச் சொல்ல வேண்டும். ஆயிரம் ரூபாய்த் தாள் இரண்டு. நூறு ரூபாய்க் கட்டம் காலி. பத்து ரூபாய்த் தாள் ஐந்து. ஒரு ரூபாய்க் கட்டமும் காலி. காலியாக இருக்கும் கட்டத்தில் சுழியம் போட வேண்டும் என்று அவர்களே கண்டுபிடிக்கும்வரை நாம் வாயைத் திறக்காமல் இருப்பது அவசியம். அதன் பிறகு பணம் எடுக்கும் படிவத்தை நிரப்பச் சொன்னால், 2,050 என்று எழுதும் கை நடுங்குவதில்லை.

வட்டிக் கணக்கை நான் எப்போதும் இரண்டாம் மாதத்துக்குள் கொண்டுவந்துவிடுவேன். சில பயிற்சியாளர்கள் இது கடினமான பாடம் என்று கடைசிக்குத் தள்ளுகிறார்கள். ஆனால் டெல்டாவில் கடன் இல்லாத விவசாயக் கூலிக் குடும்பத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். கற்பவர் வகுப்புக்கு வரும் நாளிலேயே அவர் கையில் தவணை அட்டை இருக்கிறது. நூற்றுக்கு ரெண்டு வட்டிக்கு 10,000 ரூபாய் வாங்கி, மாதம் 1,000 அசலும் 200 வட்டியுமாகப் பத்து மாதத்தில் அடைக்கும் கடனை எடுத்துக்கொள்வோம். பத்துப் புளியங்கொட்டைகளை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றும் 1,000 ரூபாய் அசல் என்று சொல்ல வேண்டும். ஒவ்வொரு மாதமும் ஒரு கொட்டையை எடுத்துவிட்டு, மிச்சமிருப்பதற்கு எவ்வளவு வட்டி நியாயம் என்று கேட்க வேண்டும். முதல் மாதம் 200, அடுத்த மாதம் 180, அப்படியே குறைந்து பத்தாம் மாதம் 20. மொத்தம் 1,100 ரூபாய். கட்டியதோ 2,000. வித்தியாசம் 900 ரூபாய். பத்தாம் மாதம் நிற்கும் கடன் ஒரே ஒரு கொட்டை, அதாவது 1,000 ரூபாய். அதற்கும் 200 ரூபாய் வட்டி கொடுத்திருக்கிறோம் என்று அந்த இடத்தில் யாராவது ஒருவர் சொல்லாமல் இருந்ததில்லை. கடன் வாங்கவே கூடாது என்று அறிவுரை சொல்ல எனக்கு உரிமை இல்லை. அடுத்த முறை, "வட்டி மொத்த அசலுக்கா, குறையுற அசலுக்கா?" என்று கேட்கும் தைரியம் அந்தப் பத்துக் கொட்டைகளால் வருகிறது.

நெல்லை வைத்தும் இதேபோல் விழுக்காட்டைக் கற்பிக்கலாம். கொள்முதலில் ஈரப்பதம் 17 விழுக்காடு என்பதை, நூறு கிலோ நெல்லில் பதினேழு கிலோ தண்ணீர் என்று சொன்னால் உடனே பிடித்துக்கொள்வார்கள். 40 கிலோ மூட்டை இரண்டரை சேர்ந்தால் ஒரு குவிண்டால். எனவே 60 மூட்டை என்பது 24 குவிண்டால். நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி, மூன்று மா ஏறத்தாழ ஓர் ஏக்கர் என்று வாய்ப்பாடுபோல் சொல்லும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பட்டாவில் ஹெக்டேர், ஏர் (நூறு ஏர் ஒரு ஹெக்டேர்) என்ற அளவுகளில் இருக்கும் பரப்பை அவர்களுடைய மா கணக்கோடு ஒப்பிட்டுப் பார்க்க வைப்பது நல்ல பயிற்சி.

எழுத்துகளுக்கு வருவோம். அகர வரிசையில் 247 எழுத்தையும் நடத்திவிட்டுப் பிறகு சொல்லுக்குப் போகலாம் என்று நினைத்தால் அதற்குள் நடவு வந்துவிடும். கோடுகளால் எளிதாக எழுதக்கூடிய ட, ப, ம ஆகிய மூன்றையும் எடுத்து, புள்ளியையும் துணைக்காலையும் சேர்த்தால் படம், மடம், மாமா, பட்டா என்று முதல் நாளிலேயே சொற்கள் கிடைத்துவிடுகின்றன. கொம்புகளுக்கு மட்டும் கூடுதல் நேரம் ஒதுக்க வேண்டும். ஒலியில் பின்னால் வருவது எழுத்தில் முன்னால் நிற்பது பெரியவர்களை உண்மையிலேயே குழப்புகிறது. ல, ள, ழ பிழைகளைத் தொடக்கத்தில் திருத்த வேண்டாம்.

பாதியில் நின்றுவிடுபவர்களில் கணிசமானோருக்குப் பிரச்சினை கண்ணில்தான் இருக்கிறது. நாற்பது வயதைத் தாண்டியவருக்கு வெள்ளெழுத்து வருவது இயல்பு. தூரத்து வயலில் நிற்பவரை அடையாளம் தெரிவதால், கண் நன்றாக இருப்பதாகவே அவர் நம்புகிறார். புத்தகத்தைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடிக்கும் ஒருவரைப் பார்த்தால், அடுத்த பாடத்துக்கு முன் அரசு மருத்துவமனையின் கண் பிரிவுக்கு அழைத்துச் செல்ல வேண்டும். படிப்பதற்கான கண்ணாடியைப் போல் விரைவாகப் பலன் தரும் கற்றல் கருவியை நான் பார்த்ததில்லை.

குடும்பமாகக் கற்பதில் ஓர் எச்சரிக்கை தேவை. பேரப்பிள்ளையை ஆசிரியராக உட்கார வைத்தால், அது பாட்டியைக் கேலி செய்யத் தொடங்கும். பாட்டியும் புத்தகத்தை மூடிவிடுவார். இருவருக்கும் கொடுப்பதற்கு ஏதாவது இருக்க வேண்டும். அப்பாயி ஒரு கதை சொல்லட்டும், பேரன் அதை நான்கு வரியில் பெரிய எழுத்தில் எழுதட்டும், பிறகு அந்த நான்கு வரியை அப்பாயி விரல் வைத்துப் படிக்கட்டும். சொற்கள் அவருடையவை என்பதால் அடுத்த சொல் என்ன என்று அவருக்கு முன்பே தெரியும். அந்தத் துணையோடு எழுத்து பிடிபடுகிறது. கணக்கில் இதைத் திருப்பிக்கொள்ளலாம்: பாட்டி மனக்கணக்காகச் சொல்வதைப் பேரன் எழுதிச் சரிபார்க்கட்டும்.

புத்தகங்களைப் பொறுத்தவரை, முதல் மூன்று வகுப்புகளுக்காக 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தின் பயிற்சி நூல்கள், பள்ளிப் பிள்ளைகள் உள்ள வீட்டில் ஏற்கெனவே இருக்கும். பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகளை வாசிப்பு நிலைவாரியாக இலவசமாக இறக்கி அச்சிட்டுக்கொள்ளலாம். இவை பிள்ளைகளுக்கான கதைகள் என்பதால், பெரியவர்கள் அவற்றைப் பிள்ளைக்குப் படித்துக் காட்டுபவராக இருக்கும்போதுதான் கூச்சமின்றிப் படிக்கிறார்கள். கிளை நூலகங்களையும் மறக்க வேண்டாம். மன்னார்குடி அருகே மேலவாசலில் 1931-லேயே மாட்டு வண்டியில் நூலகம் ஊர் ஊராகப் போயிருக்கிறது. கணித ஆசிரியராக இருந்து நூலகத் துறைக்கு வந்த எஸ்.ஆர். ரங்கநாதன் பிறந்ததும் சீர்காழியில்தான். இத்தகைய மண்ணில், கற்பவர்களை நூலகத்துக்கு அழைத்துப் போய் உறுப்பினராக்காத மையம் தன் வேலையில் பாதியைத்தான் செய்கிறது.

மருந்தைப் பற்றி மட்டும் தள்ளிப்போடாமல் முதல் மாதத்திலேயே பேசிவிட வேண்டும். வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் உப்புச் சர்க்கரைப் பொட்டலத்தில், ஒரு லிட்டர் தண்ணீரில் கரைக்க வேண்டியதும் உண்டு, 200 மில்லியில் கரைக்க வேண்டியதும் உண்டு. ஒரு லிட்டருக்கானதை ஒரு டம்ளரில் கரைத்துக் கொடுத்தால் உப்பு மிகுந்து குழந்தைக்கு ஆபத்தாகும். பூச்சிமருந்து டப்பாவின் முக்கோணத்தில் சிவப்பு கடும் நஞ்சு. மஞ்சள், நீலம், பச்சை என்று நஞ்சின் கடுமை படிப்படியாகக் குறைகிறது. நிறத்தை எவரும் உடனே கற்றுக்கொள்வார். அதற்குப் பக்கத்திலுள்ள மில்லி அளவைப் படிப்பதே பயிற்சியின் இலக்கு.

இப்போது நடப்பில் இருப்பது 2022 முதல் 2027 வரையிலான புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம். பதினைந்து வயதுக்கு மேற்பட்ட எவரும் சேரலாம். 200 மணி நேரப் பயிற்சிக்குப் பின் வாசித்தல், எழுதுதல், கணக்கு என்று மூன்று பகுதிகளாகத் தேர்வு இருக்கும். சேர விரும்புபவர்கள் அருகிலுள்ள அரசுப் பள்ளித் தலைமையாசிரியரிடம் கேட்க வேண்டும். மையம் நடத்துபவர்களுக்கு என் வேண்டுகோள், வகுப்பு நாட்களை ஆற்றுத் தண்ணீரை வைத்துத் திட்டமிடுங்கள் என்பதுதான். ஜூன் 12 மேட்டூர் திறப்புக்குப் பிறகு குறுவை, அடுத்துச் சம்பா, தாளடி என்று தை, மாசி வரை பெண்களுக்கு மாலை நேரம் இருக்காது. உளுந்தும் பயறும் எடுத்து முடிந்த பங்குனி தொடங்கி வைகாசி வரை வாரத்துக்கு ஐந்து நாள் நடத்துங்கள். நடவு, களை நாட்களில் வாரத்துக்கு ஒரு நாள், வீட்டுக் காகிதங்களைப் படிப்பதற்காக மட்டும் கூடுங்கள்.