மிகை ஒளிக்கடப்பு: சொல் விளக்கம்

மிகச் சிறு துளைகள் இட்ட உலோகப் படலத்தின் வழியே எதிர்பார்த்ததைவிட அதிக ஒளி கடந்து வருவதை ஆங்கிலத்தில் எக்ஸ்ட்ராஆர்டினரி ஆப்டிகல் டிரான்ஸ்மிஷன் என்பார்கள்; அதற்கு நான் முன்வைக்கும் சொல் 'மிகை ஒளிக்கடப்பு'. அந்த ஆங்கிலத் தொடரை 'அசாதாரண ஒளிப் பரிமாற்றம்' என்று பெயர்த்தால் இரண்டு இடங்களில் பொருள் பிசகுகிறது. பரிமாற்றம் என்றால் கொடுப்பதும் வாங்குவதும் சேர்ந்தது. இங்கே ஒளி படலத்தின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் செல்கிறது, அவ்வளவே. 'அசாதாரணம்' என்பதோ, சில படிகங்களில் ஒளி இரட்டை விலகலால் இரு கதிர்களாகப் பிரியும்போது அவற்றுள் ஒன்றான அசாதாரணக் கதிருக்கு ஏற்கெனவே வழங்கிவரும் சொல். ஆங்கிலத்திலும் இந்த மயக்கம் உண்டு என்பது நாமும் அதைச் சுமக்கக் காரணமாகாது.

அலைநீளத்தைவிடச் சிறிய துளை ஒளிக்கு ஏறத்தாழ மூடிய கதவுதான். மைக்ரோவேவ் அடுப்பின் கதவில் உள்ள துளையிட்ட உலோகத் தகட்டைக் கூர்ந்து பார்த்தால் இது விளங்கும்: உள்ளே சுழலும் பாத்திரம் கண்ணுக்குத் தெரிகிறது, ஆனால் சுமார் 12 செ.மீ. அலைநீளமுள்ள நுண்ணலை அந்தச் சிறு துளைகள் வழியே வெளியேறுவதில்லை. 1944இல் இயற்பியலாளர் ஹான்ஸ் பெத்தே இதற்குக் கணக்குத் தந்தார். மிக மெல்லிய, குறையற்ற கடத்தியாலான தகட்டில் உள்ள சிறு துளையின் மீது விழும் ஒளியில் கடந்து செல்லும் பங்கு, துளையின் ஆரத்தை அலைநீளத்தால் வகுத்து வரும் ஈவின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. ஆரம் பாதியானால் அப்பங்கு பதினாறில் ஒன்றாகிவிடும்.

தாமஸ் எபசனும் உடன் ஆய்வாளர்களும் 1998இல் வெளியிட்ட அளவீடு இந்த எதிர்பார்ப்பைப் புரட்டியது. 200 நானோமீட்டர் தடிமனுள்ள வெள்ளிப் படலத்தில், 150 நானோமீட்டர் விட்டமுள்ள துளைகளை 900 நானோமீட்டர் இடைவெளியில் வரிசையாக இட்டபோது, ஏறத்தாழ 1370 நானோமீட்டர் அலைநீளத்தில் கடப்பு உச்சம் தொட்டது. துளைகளின் பரப்பில் நேரடியாக விழுந்த ஒளியைக் காட்டிலும் மறுபக்கம் வந்த ஒளி அதிகம். அதாவது துளைகளுக்கு இடையே உலோகத்தின் மீது விழுந்த ஒளியும் வழி கண்டுபிடித்து வந்திருக்கிறது. படலத்தை உலோகத்துக்குப் பதிலாகக் குறைக்கடத்தியான ஜெர்மானியத்தால் செய்தபோது அந்த உச்சங்கள் தோன்றவில்லை.

ஆங்கில அடைமொழியின் வேர் 'எக்ஸ்ட்ரா ஆர்டினெம்' என்னும் லத்தீன் தொடர். ஒழுங்குக்குப் புறம்பானது என்பது அதன் பொருள். தமிழில் 'வியத்தகு' என்று சொல்வது வியப்பவரைப் பற்றியதாகிவிடும். 'மிகை' நடந்ததைச் சொல்கிறது: எதிர்பார்த்த அளவுக்கு மேல் வந்த ஒளி.

அடுத்து 'கடப்பு'. நட என்பதிலிருந்து நடத்து என்னும் பிறவினை பிறப்பதுபோலக் கட என்பதிலிருந்து கடத்து பிறக்கிறது. ஒளி தானாகக் கடக்கிறதா, உலோகம் அதைக் கடத்துகிறதா? இயற்பியலை மட்டும் பார்த்தால் பிறவினைக்கே நியாயம் அதிகம். ஒழுங்கான இடைவெளியில் அமைந்த துளைகள், விழும் ஒளியை உலோகப் பரப்பை ஒட்டி ஓடும் எலக்ட்ரான் அலையோடு இணைக்கின்றன. அந்த அலை துளைகள் வழியே ஆற்றலை மறுபக்கத்துக்குச் சேர்க்க, அங்கே அது மீண்டும் ஒளியாக வெளிப்படுகிறது. ஆயினும் மின்சாரத்தையும் வெப்பத்தையும் கடத்துவதால் உலோகத்துக்குக் 'கடத்தி' என்ற பெயர் நிலைத்துவிட்டது; 'ஒளிக்கடத்தல்' என்றால் படிப்பவர் அந்தப் பக்கம் போய்விடுவார். ஆகவே தன்வினையே போதும் என்பது என் முடிவு.

அந்த எலக்ட்ரான் அலைக்குப் பரப்புப் பிளாஸ்மான் என்று பெயர். வார்த்து உருவாக்கியது என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லான பிளாஸ்மாவை, மின்னூட்டத் துகள்களாலான வாயுவுக்கு 1928இல் அறிவியலாளர் இர்விங் லாங்முயர் சூட்டினார்; பின்னர் இயற்பியலாளர் டேவிட் பைன்ஸ் பிளாஸ்மான் என்ற சொல்லை வழங்கினார். எலக்ட்ரான், ஃபோட்டான் வரிசையில் இதுவும் அப்படியே இருக்கலாம்.

'துளையணி ஒளிக்கடப்பு' என்று பெயரிடும் ஆசையும் எழும். அணி என்பது வரிசையையும் அழகையும் ஒருங்கே குறிக்கும் நல்ல சொல்தான். ஆனால் ஒற்றைத் துளையைச் சுற்றி வட்ட வட்டமாகப் பள்ளங்களை வெட்டினாலும் மிகையான ஒளி வருகிறது; வெளிப் பக்கத்திலும் அப்பள்ளங்கள் இருந்தால் ஒளி சிதறாமல் குறுகிய கற்றையாக வெளிப்படுவதை 2002இல் காட்டினார்கள். அங்கே துளை ஒன்றுதான், அணி இல்லை.