பாட்டிலின் அடியில் படியும் மண்டி

"பாட்டில் அடியில் வெள்ளையா ஏதோ படிஞ்சிருக்கே, குடிக்கலாமா?" இங்கிலாந்தில் பீர் ஆலையில் வேலை பார்க்கிறேன் என்று தெரிந்ததும், வீட்டிலேயே பீர் தயாரிக்கும் நண்பர்கள் முதலில் கேட்பது இதுதான். இங்கே சொந்த உபயோகத்துக்குத் தயாரிக்க 1963 முதல் உரிமம் தேவையில்லை. தமிழ்நாட்டில் அது குற்றம். அங்கே இருப்பவர்கள் முயல வேண்டாம்.

நண்பர்கள் கேட்டதற்குப் பதில்: தாராளமாகக் குடிக்கலாம். அந்த மண்டி பெரும்பாலும் ஈஸ்ட், அதாவது பீரை நொதிக்க வைக்கும் நுண்ணுயிர். அடைக்கும்போது சேர்க்கிற சர்க்கரையை அது தின்பதால்தான் பாட்டிலுக்குள் வாயு உண்டாகிறது. பெல்ஜியத்தின் டூவெல், சிமே பீர் பாட்டில்களிலும் இந்தப் படிவு உண்டு.

மண்டி தடிமனாக இருந்தால்தான் கவனிக்க வேண்டும். நொதித்த பாத்திரத்தின் அடியிலிருந்த ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ) துகளும் புரதக் கசடும் கூடவே வந்துவிட்டன என்று அர்த்தம். அந்தத் துகள்களைப் பற்றிக்கொண்டு குமிழ்கள் கிளம்புவதால், மூடியைத் திறந்ததும் பீர் பொங்கி வழியும்.

துணியில் வடிகட்டிவிடலாமே என்று பலர் நினைக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். காற்று கலந்து சுவை கெடும், கிருமியும் சேரும். பீரைத் தெளிய வைத்து இறுப்பதுதான் சரியான வழி. நொதித்து முடிந்த பீரை 1 முதல் 4 டிகிரி செல்சியஸ் குளிரில் இரண்டு மூன்று நாள் அசைக்காமல் வையுங்கள். லிட்டருக்கு 6 கிராம் சர்க்கரையைக் கொஞ்சம் நீரில் கொதிக்க வைத்து ஆற்றி, சுத்தமான இன்னொரு பாத்திரத்தில் முதலில் ஊற்றுங்கள். அதன்மேல் பீரை ட்யூப் வழியாகச் சலசலப்பில்லாமல் இறக்கினால் தானாகக் கலந்துவிடும். ட்யூபின் முனை மண்டிக்கு மேலேயே இருக்கட்டும். 23 லிட்டர் தயாரித்தால் அதில் கடைசி அரை லிட்டர் போனால் போகட்டும்.

நான் உண்மையிலேயே பயப்படுவது வேறொன்றுக்கு. பீர் தெளிந்துவிட்டது என்பதற்காக நொதித்தல் முடிந்துவிட்டதாக ஆகாது. சர்க்கரை மிச்சமிருக்கும்போதே குளிரில் வைத்தால் ஈஸ்ட் உறங்கிப்போய் அடியில் படியும். பீர் கண்ணாடிபோலத் தெரியும். பாட்டிலில் அடைத்து அலமாரியில் வைத்ததும், அந்த ஈஸ்ட் அறைச்சூட்டில் விழித்துக்கொண்டு மிச்சத்தையும் தின்னத் தொடங்கும். அழுத்தம் ஏறிக் கண்ணாடி வெடிக்கும். சில்லு கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். அதனால் குளிரவைக்கும் முன் ஹைட்ரோமீட்டரில் (திரவத்தின் அடர்த்தியைக் காட்டும் கருவி) பாருங்கள். அடர்த்தி எதிர்பார்த்த அளவுக்கு இறங்கி, இரண்டு மூன்று நாள் இடைவெளியிலும் மாறாமல் இருக்க வேண்டும். பாட்டிலும் பீருக்கென்றே செய்ததாக இருக்கட்டும். சாதாரண ஒயின் பாட்டில் இந்த அழுத்தத்தைத் தாங்காது. ஒரு பாட்டில் மிதமிஞ்சிப் பொங்கினால் மற்றவற்றைத் தொடும் முன் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் தடித்த கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம், குடிப்பதற்குச் சில நாள் முன்பே பாட்டிலை ஃபிரிட்ஜில் நிமிர்த்தி வையுங்கள். இடையில் நிமிர்த்தாமல் ஒரே சாய்ப்பில் ஊற்றி, கடைசி விரற்கடை அளவை விட்டுவிடுங்கள். அதைக் குடித்தால் சிலருக்கு வயிறு உப்பும், அவ்வளவுதான்.