செங்கல்லைத் தின்னும் சிமென்ட்

சென்ற வாரம் இங்கிலாந்தில் ஒரு விக்டோரியா காலத்துச் சேகர ஆலயத்தின் தெற்குச் சுவரை நகத்தால் மெல்லச் சுரண்டினேன். செங்கல்லின் முகம் அப்பளம் போலப் பெயர்ந்து கையோடு வந்தது. செங்கற்களின் இடைவெளிகளில் பின்னாளில் வைத்த சிமென்ட் சாந்து (பாயிண்டிங்) மட்டும் ஒரு கீறலுமின்றி விலா எலும்பு போலத் துருத்திக்கொண்டு நின்றது. பழங்கட்டடங்களைப் பழுதுபார்க்கும் எனக்கு இந்த ஆண்டில் இது நான்காவது சுவர்.

சாந்து கடினமாக இருந்தால் சுவர் உறுதியாக இருக்கும் என்பதே சிமென்ட் வைத்ததற்கு ஆலயக் குழுவினர் தவறாமல் சொல்லும் காரணம். கடினம் வேறு, உறுதி வேறு. சுண்ணாம்புச் சாந்து செங்கல்லைவிட மென்மையாகவும் நுண்துளை மிக்கதாகவும் இருப்பதால், சுவருக்குள் புகுந்த ஈரமும் உப்பும் அதன் வழியே வெளியேறி, தேய்மானம் சாந்தோடு நின்றுவிடுகிறது. அந்த வழியைச் சிமென்டால் அடைத்தால் உப்புப் பூப்பதும், குளிர்காலத்தில் நீர் உறைந்து வெடிப்பதும் செங்கல்லில்தான் நடக்கும். தேய்ந்த சாந்தைப் புதிதாக வைத்துவிடலாம்; 1850களில் சுட்ட செங்கல்லுக்கு எங்கே போவது?

இன்று வழக்கிலுள்ள போர்ட்லாந்து சிமென்டுக்கு 1824இலேயே காப்புரிமை கிடைத்துவிட்டதே, பழைய சுவரில் அதை வைத்தால் என்ன என்று வாதிடுவோரும் உண்டு. லண்டன் கழிவுநீர்க் கால்வாய்களில் பொறியாளர் பசல்ஜெட் அதைப் பயன்படுத்தியது உண்மைதான். ஆனால் கால்வாய் நீரைக் கசியவிடக் கூடாது. ஆலயச் சுவரோ வாங்கிய ஈரத்தை விட்டாக வேண்டும்.

லண்டன் மார்கரெட் தெருவில் 1850இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1859இல் பிரதிஷ்டை செய்யப்பட்ட ஆல் செயின்ட்ஸ் ஆலயத்தில், கட்டடக் கலைஞர் வில்லியம் பட்டர்ஃபீல்ட் சிவப்புச் செங்கல்லினூடே கருஞ்செங்கல் பட்டைகளை ஓடவிட்டார். வண்ணம் பூச்சில் இல்லை, கட்டுமானத்திலேயே இருக்கிறது. அத்தகைய சுவரில் செங்கல்லின் முகம் உதிர்ந்தால் கலைஞரின் வடிவமைப்பே உதிர்ந்துபோகிறது.

எனவே, கொத்தனாரை அழைக்கும் முன் கூரையின் மழைநீர்ப் பீலியில் அடைத்திருக்கும் இலைகளை அள்ளுங்கள். நான் பார்த்த ஈரச் சுவர்கள் பலவற்றில் சிக்கல் அங்கேதான் தொடங்கியிருந்தது. பழைய சாந்தை எடுக்க, சுழல் சக்கரத்தால் வெட்டும் கிரைண்டரைத் தொடவே விடாதீர்கள், சக்கரம் செங்கல்லின் விளிம்பையும் சேர்த்துச் சீவிவிடும். உங்கள் ஆலயம் சேர்ந்திருக்கும் திருமண்டலத்தின் (பேராயரின் ஆட்சிப் பகுதி) அனுமதியைக் கேட்காமல் வேலையைத் தொடங்காதீர்கள். ஆலயக் கட்டடத்தின் நிலை பற்றி ஐந்தாண்டுக்கு ஒருமுறை நாங்கள் தரும் ஆய்வறிக்கையை, தயவுசெய்து, அலமாரியில் வைக்கும் முன் ஒருமுறையேனும் படியுங்கள்.

ஏற்கெனவே சிமென்ட் வைத்துவிட்டீர்கள் என்றால் பதறிப்போய் அதைக் கொத்தி எடுக்க வேண்டாம். இறுகப் பிடித்த இடத்தில் செங்கல்லும் கூடவே வந்துவிடும். தானாகத் தளர்ந்த இடங்களில் மட்டும் எடுத்துவிட்டுச் சுண்ணாம்புச் சாந்து வையுங்கள், மற்றதை அப்படியே விட்டுவிடுங்கள்.